தீப்படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட்

அடுப்பில் அடங்கியிருக்கும் வரையில் தீ மனிதனுக்கு ஏவல் செய்யும். அடுப்பை விட்டுக் கூரையேறிவிட்டாலோ ஊரையே இரையாகக் கொள்ளும். ஓரிடத்தில் தீப்பற்றிக்கொண்டால், கண்டவர் எல்லோரும் ஓடிவருவதும், கையில் அகப்பட்ட குடத்தாலும் வாளியாலும் நீர் வாரியிறைப்பதும், ஆளுக்கொரு கட்டளையிட்டுக் கூச்சலிடுவதும் எந்நாட்டிலும் காணக்கூடிய காட்சியே. அன்பும் துணிவும் அக்கூட்டத்தில் குறைவதில்லை. யார் சொல்ல யார் செய்வது என்னும் முறை ஒன்றே குறைவது. அம்முறையைத் தம் நாட்டிற்கு வகுத்துத் தந்து, அப்பணியிலேயே உயிரையும் நீத்தவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட் என்பவர்.

இவர் ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் 1800ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ் பிரெய்டுவுட் மேசை, நாற்காலி, பேழை முதலியன செய்து விற்கும் தச்சுத் தொழிலில் பெயர் பெற்றவர். மக்கள் நிறைந்த அக்குடும்பத்தில் ஜேம்ஸ் பத்தாவது குழந்தை. நகரின் பழைமையான உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின்னர், கட்டடங்களை அளந்து மதிப்பிடும் தொழிலில் பயிற்சி பெற்றுத் தந்தையாருக்குத் துணையாக இருந்தார். சுவர் எவ்வாறு எழுகின்றது, உத்தரம் எதன்மேல் தங்குகின்றது, தளம் எத்தனை பாரம் தாங்கும் என்பனவற்றையெல்லாம் இளமையிலேயே கண்ணாலும் கையாலும் அறிந்தார். பின்னாளில் எரியும் வீட்டின் உள்ளே நின்று, இது இன்னும் நிற்கும், இது இப்பொழுதே விழும் என்று நொடிப்பொழுதில் முடிவுசெய்ய அவ்வறிவே அவருக்குக் கைகொடுத்தது.

அக்காலத்தில் தீயணைக்கும் பொறுப்பு எவரிடம் இருந்தது என்பதை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். இலண்டன் மாநகரின் பெரும்பகுதி 1666ஆம் ஆண்டில் எரிந்து சாம்பலாயிற்று. அதன் பின்னரே, வீட்டிற்குத் தீயால் நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டுக் கழகங்கள் தோன்றின. ஆண்டுதோறும் சிறு தொகை பெற்றுக்கொண்டு, வீடு எரிந்தால் பெருந்தொகை கொடுப்பது அவற்றின் வாணிகம். வீடு எரியாமற் காத்தால் கொடுக்க வேண்டிய தொகை மிச்சமாகுமன்றோ? ஆதலால் ஒவ்வொரு கழகமும் தனக்கென நீர்ப்பொறிகளை வாங்கி ஆட்களையும் அமர்த்திக்கொண்டது. தன்னிடம் பதிவுசெய்துகொண்ட வீட்டின் சுவரில் ஈயத்தாலோ செம்பாலோ ஆன முத்திரைத் தகடு ஒன்றைப் பதித்தது. ஒரு கழகத்தாரின் ஆட்கள் மற்றொரு கழகத்தாரின் ஆட்களோடு போட்டியிட்டனர். திருச்சபை வட்டாரங்களும் நீர்ப்பொறி வைத்திருத்தல் வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் ஏற்பட்டிருந்தது. ஆயினும் அப்பொறிகளுள் பல துருவேறிக் கிடந்தன. வேண்டியபொழுது அவற்றை இயக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. பொறி வாங்குதல் எளிது, பொறியைப் பேணும் ஆளை உருவாக்குதலே கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

எடின்பரோவின் நிலையும் இதுவே. அந்நகரின் பழம்பகுதி பாறைமுதுகின்மேல் நெருக்கமாக அமைந்தது. இடம் போதாமையால் மக்கள் வீடுகளை அகலத்தில் வளர்க்காமல் உயரத்தில் வளர்த்தனர். எட்டு அடுக்கு, பத்து அடுக்கு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இடையே இருவர் எதிரெதிரே நடக்க இயலாத சந்துகள் பல இருந்தன. இத்தகைய ஊரில் தீ ஒரு வீட்டில் தோன்றினால் அஃது அந்த வீட்டோடு நில்லாது. இதனை உணர்ந்த நகரத்தார், காப்பீட்டுக் கழகங்களின் பொருளுதவியோடு 1824ஆம் ஆண்டில் நகருக்குப் பொதுவான தீயணைப்பு நிலையம் ஒன்றை நிறுவினர். பிரித்தானியாவில் ஒரு நகரம் தன் பொறுப்பில் நடத்திய தீப்படைகளுள் இதுவே முதலாவது என்பர். அதன் தலைவராக 24 வயதே நிரம்பிய பிரெய்டுவுட்டைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு தச்சரின் மகனிடம், அதுவும் இவ்வளவு இளைஞனிடம், நகரின் காவலை ஒப்படைப்பதா என்று ஐயுற்றோரும் இருந்திருத்தல் கூடும். ஐயத்திற்கு விடை காண நெடுநாள் காத்திருக்க நேரவில்லை.

அவர் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆயின. ஆட்களைத் திரட்டும் வேலைகூட முற்றுப்பெறவில்லை. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் இரவு, பெருந்தெருவை அடுத்த சந்து ஒன்றில் இருந்த செதுக்கோவியத் தொழிற்கூடத்தில் தீத் தோன்றியது. பொறிகள் விரைந்து வந்தன. ஆனால் சந்தின் குறுக்கம் அவற்றைத் தடுத்தது. நீரும் உடனே கிடைக்கவில்லை. நகராட்சித் தலைவர்கள், நீதிபதிகள், காவல் அதிகாரிகள் எனப் பதவியுடையோர் அனைவரும் அங்கே கூடினர். ஒருவர் பொறியை வலப்புறம் கொண்டுசெல்லச் சொன்னால் மற்றொருவர் இடப்புறம் திருப்பச் சொன்னார். எல்லோரும் பெரியோர், எவர் சொல்லையும் தட்டுதற்கில்லை. இளந்தலைவரின் சொல்லோ அவ்விரைச்சலில் எடுபடவில்லை. தீ அடுக்கு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிற்று. மறுநாள், ஒருவாறு அடங்கிற்று என்று மக்கள் பெருமூச்சு விட்டிருந்த வேளையில், காற்றிற் பறந்த பொறிகள் டிரான் தேவாலயத்தின் கோபுரத்தைப் பற்றின. கூரை ஈயம் உருகி வழிந்தது. கோபுரம் எரிந்து வீழ்ந்தது. அன்றிரவே வேறோர் இடத்திலும் நெருப்பு மூண்டது. தீ முற்றும் அவிவதற்கு ஐந்து நாட்கள் சென்றன. ஏறத்தாழ நானூறு குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றன. பத்துப் பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீயணைக்கச் சென்றோரும் அவருள் அடங்குவர்.

இவ்வளவு பெரிய அழிவிற்குப் பிறகு புதிய தலைவரைப் பதவியினின்று நீக்குவதே உலக வழக்கம். எடின்பரோ நகரத்தாரின் பெருமை அவ்வாறு செய்யாமையில் விளங்குகின்றது. குறை தலைவரிடம் இல்லை, தலைவருக்கு அதிகாரம் இல்லாமையிலேயே உள்ளது என்பதை ஆராய்ந்து கண்டனர். இனித் தீப்பற்றிய இடத்தில் தீப்படைத் தலைவரின் சொல் ஒன்றே செல்லும். எத்துணை உயர்ந்த பதவியினரும் அவருக்குக் குறுக்கே கட்டளையிடலாகாது என்று வரையறை செய்தனர். இன்றும் பல நாடுகளில் தீயணைப்புப் பணிக்கு அடிப்படையாக நிற்பது இவ்விதியே.

அதிகாரம் கைவரப் பெற்ற பிரெய்டுவுட் முதலிற் செய்தது ஆட்களை ஆராய்ந்து எடுத்ததுதான். உடல் வலியுடையோர் யாவரும் தீயணைக்கத் தகுந்தவர் ஆகார் என்பது அவர் கருத்து. கூரை வேய்வோரைச் சேர்த்தார். அவர்க்குச் சரிந்த கூரையும் தரையும் ஒன்றே. தச்சரையும் கொத்தரையும் சேர்த்தார்; எந்தச் சுவரை இடித்தால் தீயின் வழி அடைபடும் என்பதை அவர் அறிவர். குழாய் வேலை செய்வோர் நீரின் போக்கை அறிந்தவர். கொல்லர், பொறி பழுதுற்றால் அவ்விடத்திலேயே செப்பனிட வல்லவர். கயிற்றில் ஏறி இறங்கிப் பழகிய மாலுமிகளையும் அவர் விரும்பி ஏற்றார். இவர்கள் பகலில் தத்தம் தொழிலைச் செய்துகொண்டு, அழைப்பு வந்தவுடன் ஓடிவருவோர். பெரும்பாலும் இளைஞரையே தேர்ந்தெடுத்தார். முதியோர்க்குப் பழைய பழக்கத்தை மறப்பது அரிது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நகரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் பொறியும் ஆளும் வகுத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் எனப் பொறிகளுக்கு வெவ்வேறு நிறம் பூசச் செய்தார். புகையும் இருளும் சூழ்ந்த இடத்தில், எந்தப் பொறிக்கு எந்த ஆள் உரியவன் என்பது நிறத்தாலேயே விளங்கும். தலைக்குக் கெட்டியான தோல் தொப்பி கொடுத்தார். மேலிருந்து விழும் ஓட்டையும் கல்லையும் தாங்க அதன் உச்சியில் முகடு ஒன்று இருந்தது. உருகிய ஈயமும் கொதிநீரும் கழுத்திற் படாமல் காக்கப் பின்புறத்தில் தோல் மடல் ஒன்று தொங்கியது. இச்சிறு மடலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் ஆளின் பிடரியில் விழக்கூடிய ஒரு துளி ஈயத்தையும் முன்கூட்டி நினைத்த தலைவர் அவர்.

வாரந்தோறும் விடியற்கு முன்னரே அவர்தம் படைக்குப் பயிற்சி நடைபெற்றது. ஊர் உறங்கும் அந்நேரத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெருந்தீக்கள் பெரும்பாலும் இரவிலேயே தோன்றுகின்றன. பகல் வெளிச்சத்தில் மட்டும் பழகியவன் இருளில் தடுமாறுவான். ஏணியைச் சார்த்துதல், தோற்குழாய்களை ஒன்றோடொன்று இணைத்தல், கயிற்றில் இறங்குதல், மயங்கி விழுந்தவனைத் தூக்கி வருதல் ஆகிய இவையெல்லாம் கை தானாகவே செய்யும்வரை பழக்கப்பட்டன.

அந்நாள்வரை தீயணைப்போர் தெருவில் நின்றுகொண்டு, பலகணி வழியே தெரியும் சுடரை நோக்கி நீரைப் பாய்ச்சுவர். நீரில் பெரும்பகுதி சுவரில் மோதி வீணாகும். எஞ்சியது புகையாய்ப் போகும். பிரெய்டுவுட் இவ்வழக்கத்தை ஒழித்தார். உள்ளே நுழைய வேண்டும், எரியும் பொருளை நெருங்க வேண்டும், நீர் அப்பொருளின்மேல் நேரே விழ வேண்டும் என்பது அவர் கோட்பாடு. இதனைக் கேட்பது எளிது, செய்வது எளிதன்று. ஆதலால் உள்ளே நுழைவோர் உயிர் பிழைக்கும் வழியையும் உடன் கற்பித்தார். வெப்பமும் புகையும் மேலே எழும். தரையை ஒட்டியே நல்ல காற்று நிற்கும். ஆகையால் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து செல்லல் வேண்டும். ஒருவன் தனியே செல்லலாகாது; ஒருவன் வீழ்ந்தால் மற்றவன் இழுத்து வருதற்காக இருவராகவே செல்லல் வேண்டும். நீர் வந்து சேரும் வரையில் கதவையும் பலகணியையும் சாத்தியே வைத்தல் வேண்டும். காற்றுப் புகாவிடின் தீ ஓங்காது. இப்பாடங்கள் இன்று பள்ளிச் சிறுவர்க்கும் தெரிந்தவை. அன்று இவை புதுமையாக இருந்தன.

பிறரை ஏவித் தாம் பின்னிற்பவர் அல்லர் பிரெய்டுவுட். எடின்பரோவில் இரும்புச் சாமான் கடை ஒன்று தீப்பற்றிய காலத்தில், உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பது தெரியவந்தது. கூட்டம் அஞ்சி விலகியது. அவர் தாமே உள்ளே சென்று ஒரு பீப்பாயைச் சுமந்து வெளியே கொணர்ந்தார். மீண்டும் சென்று மற்றொன்றையும் கொணர்ந்தார். 1830ஆம் ஆண்டில், நீர்ப்பொறிகளின் அமைப்பையும், தீயணைப்போரைப் பயிற்றும் முறையையும், தீப்பற்றியபொழுது செய்ய வேண்டுவனவற்றையும் விரித்து நூலொன்று எழுதி வெளியிட்டார். ஆங்கில மொழியில் இத்துறையில் எழுந்த முதல் நூல்களுள் ஒன்று அது. அதன் வாயிலாக அவர் புகழ் இலண்டனுக்கும் எட்டியது.

இலண்டனில் காப்பீட்டுக் கழகங்கள் தனித்தனியே படை வைத்துச் செலவு செய்து சலித்திருந்தன. அவற்றுள் பத்துக் கழகங்கள் ஒன்றுகூடி, 1833ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், இலண்டன் தீப்பொறி நிலையம் என்னும் பொதுப்படையைத் தொடங்கின. தலைமை ஏற்குமாறு பிரெய்டுவுட்டை அழைத்தன. அவருக்குக் கிடைத்தவர் முழுநேரத் தீயணைப்போர் 80 பேர், நிலையங்கள் 13. காக்க வேண்டிய நகரத்திலோ மக்கள் 16 இலட்சத்திற்கு மேல் வாழ்ந்தனர். ஆயினும் எடின்பரோவில் அவருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இங்கே கிட்டியது. இங்குள்ள ஆட்கள் பகலும் இரவும் தீயணைப்பையே தொழிலாகக் கொண்டவர். அவர்க்குச் சீருடையும் ஊதியமும் தங்குமிடமும் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் மேலாள் ஒருவர் இருந்தார்.

பொறியின் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்து நீரேற்றுவதற்கு ஒவ்வொரு பொறிக்கும் இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். அத்தனை பேருக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுக்க எந்தக் கழகத்தாலும் இயலாது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்திலிருந்தே ஆட்களை அமர்த்திக்கொண்டனர். முதல் மணிக்கு ஒரு ஷில்லிங், அடுத்த மணிகளுக்கு ஆறு பென்னி எனக் கூலி கொடுத்தனர், குடிக்கவும் கொடுத்தனர். தீ நெடுநேரம் எரிய வேண்டுமென்று விரும்பிய கைகளும் அக்கைப்பிடிகளில் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், கற்றவர் சிலரும் கல்லாதவர் பலரும் ஒரு கட்டளைக்குள் அடங்கி வேலை செய்தது அத்தலைவரின் திறத்தால் நிகழ்ந்ததே.

1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் மாலையில் நாடாளுமன்ற மாளிகை தீப்பற்றியது. முற்காலத்தில் அரசாங்கக் கணக்கை மரக்குச்சிகளில் வெட்டுக்குறியாக இட்டு வைப்பது வழக்கம். அவ்வழக்கம் ஒழிந்தபின் தேங்கிக் கிடந்த குச்சிகளை மாளிகையின் அடியிலிருந்த உலைகளில் இட்டு நாள் முழுவதும் எரித்தனர். புகைபோக்கிகள் அளவுகடந்து சூடேறித் தீ மூண்டது. ஒரு சுமைப் பழங்குச்சியை வெளியே எறியச் சோம்பியதன் விலை ஒரு மாளிகை ஆயிற்று.

அம்மாளிகை எந்தக் கழகத்திலும் காப்பீடு செய்யப்பட்டதன்று. அதனைக் காத்தால் கழகத்தார்க்கு ஒரு காசும் மிச்சமில்லை. காவாவிடினும் சட்டப்படி குற்றமில்லை. பிரெய்டுவுட் அக்கணக்கைப் பார்க்கவில்லை. 12 பொறிகளையும் 64 ஆட்களையும் கொண்டு விரைந்தார். மாளிகை முழுவதையும் காத்தல் இயலாது என்பதை ஒரு பார்வையில் உணர்ந்தார். எதனைக் கைவிடுவது, எதனைக் காப்பது என்று தேர்வதே அன்றிரவு அவர் முன் நின்ற கடமை. பெருந்தலைவர்க்கும் மனங்கலங்கச் செய்யும் தேர்வு இது. 11ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டதும், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓக் மரத்தால் விட்டம் அமைக்கப்பெற்றதுமாகிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் ஒன்றையேனும் காத்துவிடுவது என்று துணிந்தார். பொறிகளை அம்மண்டபத்தின் உள்ளேயே இழுத்துச் சென்று நிறுத்தி, மேற்கூரையை இடைவிடாது நனைத்தனர். படைவீரரும் காவலரும் பொதுமக்களும் கைகொடுத்தனர். காற்றும் திசைமாறித் துணை செய்தது. மக்களவையும் பிரபுக்கள் அவையும் எரிந்தொழிந்தன, மண்டபம் நின்றது. இன்றும் நிற்கின்றது.

இத்தீக்குப் பின்னராவது நகரின் தீக்காவலை அரசு ஏற்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். அரசு ஏற்கவில்லை. வாணிகக் கழகங்கள் செலவு செய்துகொண்டிருக்கையில் பொதுப் பணத்தை எதற்காகச் செலவிடுவது என்று அரசியலார் வாளாவிருந்தனர். இதனால் ஒரு விந்தையான நிலை நீடித்தது. பொருளைக் காப்பது கழகங்களின் படை. உயிரைக் காப்பதற்கோ அறநெஞ்சினரின் நன்கொடையால் நடந்த வேறொரு சங்கம் தெருமூலைகளில் உயர்ந்த ஏணிகளை நிறுத்திக் காவல் வைத்திருந்தது. நகரின் உயிரும் உடைமையும் இவ்வாறு வணிகராலும் அறவோராலும் காக்கப்பட்டனவேயன்றி, நகரத்தின் பொறுப்பாக இருக்கவில்லை.

1838ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வணிகர் கூடும் பெருமண்டபமாகிய இராயல் எக்ஸ்சேஞ்சு எரிந்தது. அன்று குளிர் எத்துணைக் கடியதாக இருந்ததெனில், குழாய்களில் நீர் உறைந்துபோயிற்று. பொறிகள் இயங்குமுன்னரே தீ முற்றிவிட்டது. கோபுரத்து மணிகள், தமக்கு நேரவிருப்பதை அறியாதனபோல், வழக்கமான இசையை ஒலித்துவிட்டு வீழ்ந்தன. 1841ஆம் ஆண்டில் இலண்டன் கோட்டையின் படைக்கலக் கொட்டிலும் எரிந்தது. எல்லாத் தீயிலும் அவர் வென்றார் என்று கூறுதல் உண்மையாகாது. தோற்றபொழுதும் காரணத்தை ஆராய்ந்தார் என்பதே அவர்க்குரிய சிறப்பு.

அவ்வாறு ஆராய்ந்தவற்றுள் முதன்மையானது தேம்ஸ் ஆற்றங்கரைப் பண்டகசாலைகளைப் பற்றியது. வாணிகம் பெருகப் பெருக அவையும் மலைபோல் எழுந்தன. சணலும் பருத்தியும், கொழுப்பும் எண்ணெயும், சருக்கரையும் வெடியுப்பும் ஒரே கூரையின்கீழ் குவிந்தன. அவற்றைத் தாங்கிய வார்ப்பிரும்புத் தூண்களை, தீயால் அழியாதவை என்று கட்டியோர் பெருமையாகப் பேசினர். பிரெய்டுவுட் அதனை மறுத்தார். மரம் எரிந்தாலும் மெல்ல மெல்ல வலியிழந்து எச்சரிக்கை தரும்; வார்ப்பிரும்போ காய்ந்த நிலையில் குளிர்ந்த நீர் பட்டவுடன் முன்னறிவிப்பின்றி முறியும் என்று பொறியியலாளர் அவையில் எடுத்துரைத்தார். பெரிய சாலைகளைக் கனத்த சுவர்களாற் பகுத்து, இடையே இரும்புக் கதவுகள் அமைத்து, அவற்றைச் சாத்தியே வைத்தல் வேண்டும் என்றார். அவ்வாறு செய்யாவிடின் அங்கே மூளும் தீயை அடக்கும் ஆற்றல் இலண்டனில் எவரிடமும் இல்லை என்று 1854ஆம் ஆண்டிலேயே அரசாங்கத்திற்கு எழுதினார். எழுத்து ஏட்டிற் கிடந்தது, பண்டகசாலைகள் வளர்ந்தன.

அவரிடமும் ஒரு குறை உண்டு. நீராவியால் இயங்கும் தீப்பொறியை 1829ஆம் ஆண்டிலேயே பிரெய்த்வெயிட் என்னும் பொறியாளர் இலண்டனில் செய்து காட்டினார். பிரெய்டுவுட் அதனை ஏற்கவில்லை. தொலைவிலிருந்தே மிகுந்த நீரைப் பாய்ச்சும் பொறி கிடைத்துவிட்டால் ஆட்கள் உள்ளே நுழையத் தயங்குவர். தாம் அரும்பாடுபட்டு ஊட்டிய பழக்கம் அழியும். மிகைநீரால் தீயைவிடப் பெரிய கேடும் விளையும் என்று எண்ணினார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 30 ஆண்டுகள் அதனைத் தள்ளிவைத்தது மிகையே. 1860ஆம் ஆண்டில்தான் நீராவிப் பொறி ஒன்று அவர் படையிற் சேர்ந்தது. ஒரு முறையைக் கண்டுபிடித்தவர்க்கு அம்முறையை விட்டு விலகுவது பிறரினும் கடினமாதல் இயல்பு.

1861ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், சனிக்கிழமை. மாலை நான்கரை மணி அளவில் இலண்டன் பாலத்தை அடுத்த டூலி தெருவில், காட்டன் துறைப் பண்டகசாலையில் புகை கண்டனர். சணற் பொதிகளில் தீ தானே கனன்றிருத்தல் வேண்டும் என்று கருதப்பட்டது. பிரெய்டுவுட்டின் அறிவுரைப்படி அமைக்கப்பட்ட இரும்புக் கதவுகள் அங்கே இருந்தன. ஆனால் அவை திறந்து கிடந்தன. திறந்த வாயில்களின் வழியே தீ அறைவிட்டு அறை தாவியது. ஆறு மணிக்குள் 14 பொறிகள் வந்து சேர்ந்தன. ஆற்றில் நீர் வற்றியிருந்த வேளையாதலால் மிதக்கும் பொறிகள் கரையை நெருங்க இயலவில்லை. குழாயிலும் நீர் போதிய அளவு கிடைக்கவில்லை. கொழுப்பு உருகித் தெருவிலும் ஆற்றிலும் எரிந்துகொண்டே ஓடியது. தேம்ஸ் நதியே தீப்பற்றியதுபோல் தோன்றிற்று. பாலத்தின்மேலும் கரைகளிலும் மக்கள் திரண்டு நின்றனர்.

தலைவருக்கு அப்பொழுது வயது 60. பணியேற்று 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெப்பத்தால் வாடி நின்ற தம் ஆட்களிடையே அவர் நடந்து திரிந்தார். கையில் வெட்டுண்டு குருதி ஒழுக நின்ற ஒருவனுக்குத் தம் கழுத்திலிருந்த பட்டுத்துணியை அவிழ்த்துக் கட்டினார் என்று கூறுவர். மணி ஏழரை ஆகியிருக்கும். களைத்திருந்தோர்க்குச் சிறிது பானம் வழங்குவித்துக்கொண்டு, பண்டகசாலையை ஒட்டிய சந்தில் அவர் நின்றார். அப்பொழுது உள்ளே பேரொலி ஒன்று எழுந்தது. முகப்புச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து வீழ்ந்தது. தலைவரும் அவர் அருகில் நின்ற மற்றொருவரும் அதன் அடியிற் புதைந்தனர்.

ஆட்கள் கற்குவியலை அகற்ற முயன்றனர். தீயின் வெம்மை அணுகவொட்டவில்லை. இரண்டு நாள் கழித்தே உடலை எடுக்க முடிந்தது. அந்நெருப்பு இரு வாரங்கள் வரை அவியவில்லை. அழிந்த பொருளின் மதிப்பு 20 இலட்சம் பவுன் எனக் கணக்கிட்டனர். 1666ஆம் ஆண்டிற்குப் பின் இலண்டன் அத்தகைய தீயைக் கண்டதில்லை.

சூன் 29ஆம் நாள் அவர் உடல் ஏப்னி பார்க்கு இடுகாட்டிற்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஒன்றரை மைல் நீளத்திற்கு மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். கடைகள் அடைக்கப்பட்டன, நகரின் தேவாலய மணிகள் துயர் ஒலித்தன. தீயணைப்புப் பணியிலேயே முன்னர் உயிர் துறந்த தம் வளர்ப்பு மகனின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

காப்பீட்டுக் கழகங்கள் இவ்விழப்பால் நிலைகுலைந்தன. இனி இலண்டனைக் காக்கும் பொறுப்பைத் தம்மால் தாங்க இயலாது என்று அரசாங்கத்திற்கு அறிவித்தன. அந்நாளில் நகரின் மக்கள்தொகை 28 இலட்சமாகப் பெருகியிருந்தது. நாடாளுமன்றம் குழு அமைத்து ஆராய்ந்து, 1865ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதன்படி 1866ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாநகரத் தீயணைப்புப் படை பிறந்தது. வீடுகளின் மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரியும், காப்பீட்டுக் கழகங்கள் பத்து இலட்சம் பவுன் பெறுமான காப்பீட்டிற்கு 35 பவுன் வீதம் செலுத்தும் தொகையும், அரசாங்கம் ஆண்டுதோறும் அளிக்கும் 10,000 பவுனும் அதற்குப் பொருளாயின. ஏழையின் குடிசையும் செல்வனின் மாளிகையும் ஒரே படையின் காவலுக்குள் வந்தன. உயிர் காக்கும் ஏணிகளும் 1867ஆம் ஆண்டில் அப்படையிடமே ஒப்படைக்கப்பட்டன. பிரெய்டுவுட்டிற்குப் பின் தலைமை ஏற்ற ஷா என்பவரே அதன் முதல் தலைவரானார். அவர் நீராவிப் பொறிகளைப் பெருக்கினார். ஆள் எடுக்கும் முறையிலும் பயிற்சி முறையிலும் முன்னோர் இட்ட அடிப்படையின் மேலேயே கட்டினார்.

டூலி தெருவில், அவர் வீழ்ந்த இடத்திற்கு அணித்தாக, நினைவுக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பிறந்த ஊராகிய எடின்பரோவிலும் 2008ஆம் ஆண்டில் அவருக்குச் சிலை எடுத்தனர். 1824ஆம் ஆண்டு நவம்பரில் அவர் சொல் எடுபடாமற் போன அப்பெருந்தெருவை அடுத்த நாடாளுமன்றச் சதுக்கத்தில் அச்சிலை நிற்கின்றது.